ட்ரையரின் கேஸ் அழுத்தம்: ஆணியைத் திருகுமுன் அளந்து பாருங்கள்



திருகோணமலையில் லோண்டரித் தொழில் செய்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு நெருக்கடியான காலங்கள் உண்டு. ஒன்று, சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெளிநாட்டார் நிறைந்திருக்கும் காலம். அப்போது கச்சான் காற்றில் கொடியில் போட்ட துணி தானாகக் காயும் என்றாலும், ஹோட்டல்காரர் கொடி காயும் வரை காத்திருக்கமாட்டார். மற்றது கார்த்திகை தொடக்கம் தை வரையான வாடைக்கால மழை. அப்போது வரும் துணி குறைவு, ஆனால் ஒரு துவாய்கூட வெளியில் காயாது. துறைமுகத்தில் கப்பல் துணி எடுப்பவர்களுக்கு நேரம் இன்னும் கறாரானது. கப்பல் புறப்பட்ட பின் துவைத்த துணியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய பிறகு, கேஸில் ஓடும் ட்ரையர் பற்றி என்னிடம் விசாரித்தவர்கள் பலர். வாங்கியவர்களும் சிலர். அவர்களிடமிருந்து இப்போது வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். நிலாவெளிப் பக்கம் லோண்டரி வைத்திருக்கும் ஒரு தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நாநா, துணி காய நேரம் எடுக்குதெண்டு பாஸக் கூப்பிட்டன். அவர் ஆணியக் கொஞ்சம் திருகிட்டுப் போனார். ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. இப்ப வெள்ளத் துவாயில கரி புடிக்கிது.”

எத்தனை அங்குலத்தில் இருந்ததை எத்தனை அங்குலத்துக்குத் திருகினார் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. பாஸ் எதையும் அளக்கவில்லை, நெருப்பைப் பார்த்தார், திருகினார், காசை வாங்கினார். நம் கடைத் தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். கேஸுக்கு மட்டும் கண் மதிப்பு போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அழுத்தம் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வேறு, ட்ரையருக்குப் போகும் அழுத்தம் வேறு. சிலிண்டருக்குள் பல பார் அளவில் அழுத்தம் உண்டு. ரெகுலேட்டர் அதை மிகச் சிறிய அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. அந்தச் சிறிய அளவைத் தண்ணீரின் உயரத்தால் அளப்பது பழைய வழக்கம். அமெரிக்க வகை ட்ரையர்கள் எல்.பி. கேஸுக்குப் பெரும்பாலும் 11 அங்குலத் தண்ணீர் உயரத்தைக் கேட்கும். மில்லிபாரில் சொன்னால் ஏறக்குறைய 27. ஐரோப்பிய வகைகளில் பியூட்டேனுக்கு 28 முதல் 30 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று எழுதியிருக்கும். உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதை நான் சொல்ல முடியாது, அதன் பெயர்த்தகடுதான் சொல்லும். தகட்டுக்கு மேல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

இதில் நம் நாட்டுக்குரிய விசேஷம் ஒன்று உண்டு. எல்.பி. கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. 2021 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்தது நினைவிருக்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஆராய்ந்த குழு, கலவையில் புரொப்பேன் வீதம் கூட்டப்பட்டதைக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. அதையடுத்து இலங்கை கட்டளைகள் நிறுவனம் புரொப்பேனுக்கு 30 வீதம் என்று உச்ச வரம்பு வைத்தது. ஆகவே நாம் எரிப்பது பெரும்பாலும் பியூட்டேன்.

இதனால் ட்ரையருக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயங்கள் வந்தன.

முதலாவது, ஒரே துவாரத்தால் ஒரே அழுத்தத்தில் விட்டால் பியூட்டேன் புரொப்பேனைவிடக் கூடுதல் வெப்பம் தரும். அமெரிக்காவில் எல்.பி. என்றால் அநேகமாகத் தனிப் புரொப்பேன். அதற்கென்று துவாரம் போட்ட இயந்திரத்தை நம் கேஸில் 11 அங்குலத்திலேயே ஓட்டினாலும், அது கணக்குக்கு மேல் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எரியும். கூடுதலாக எரிவதற்கு வேண்டிய காற்று போதாவிட்டால் நெருப்பின் நுனி மஞ்சளாகும், கரி படியும். அந்த நிலையில் ஆணியைத் திருகி இன்னும் அழுத்தத்தைக் கூட்டினால் துவாயில் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? நிலாவெளித் தம்பியின் கதை இதுதான்.

இரண்டாவது விஷயம்தான் பலருக்குக் காசைக் கரைக்கிறது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும். திருகோணமலையின் வெயிலில் பூச்சியம் எங்கிருந்து வரும் என்று சிரிக்க வேண்டாம். திரவ கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரிலிருந்தே சூட்டை எடுத்துக்கொள்ளும். பெரிய ட்ரையர் வேகமாக இழுக்க, சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகும். வெளியே வியர்த்து நீர்க்கோடு தெரிவது அதனால்தான். அதோடு, கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகும். சிலிண்டர் அடிக்கு வர வர மிஞ்சியிருப்பதில் பியூட்டேன் பங்கு கூடும், அழுத்தம் இறங்கும். புது சிலிண்டரில் காலையில் நன்றாகக் காய்ந்த துணி, அரைச் சிலிண்டரில் பின்னேரம் ஈரமாக வருவதன் இரகசியம் இது. மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. நுவரெலியாக் குளிரில் ஹோட்டல் நடத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை நம்மைவிட இரட்டிப்பு.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர அளவான ஒரு கடை ட்ரையரின் தகட்டில் மணிக்கு 75,000 பி.டி.யு. என்று இருந்தால், ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 47,000 பி.டி.யு. வெப்பம் உண்டு என்பதால், நெருப்பு எரியும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 1.6 கிலோ கேஸ் வேண்டும். வீட்டுப் பாவனைக்குரிய ஒரு 12.5 கிலோ சிலிண்டர் அதைத் தொடர்ந்து கொடுக்காது. வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டரும் கொடுக்காது. ரெகுலேட்டரின் முகத்தில் வெளியேறும் அழுத்தமும் மணிக்கு எத்தனை கிலோ என்பதும் பொறித்திருக்கும், வாசித்துப் பார்க்கலாம். கடைக்கு 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டையோ மூன்றையோ ஒரே குழாயில் இணைத்து வைப்பதுதான் முறை. சிலிண்டர் குளிர்ந்தால் சுடுநீர் ஊற்றுவது, படுக்கவைப்பது எல்லாம் வேண்டாத வேலை. படுக்கவைத்தால் திரவம் அப்படியே ரெகுலேட்டருக்குள் போகும்.

இனி அளக்கும் விதம். இதற்கென்று டிஜிட்டல் மீற்றர் உண்டு, நல்லதுதான். ஆனால் தண்ணீர்க் குழாயைவிட நம்பிக்கையான மீற்றர் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதற்கு பெட்டரி மாற்ற வேண்டியதில்லை, யாரும் அதை ஏமாற்றவும் முடியாது. மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடிப் பைப் எட்டு அடி வாங்கி, ஒரு பலகையில் ‘ப’ எழுத்து மாதிரி வளைத்து அடித்து, பாதி வரை தண்ணீர் விட்டு, நடுவில் அடிமட்டம் ஒன்றை ஒட்டிவிட்டால் கருவி தயார். தண்ணீரில் ஒரு துளி கலரிங் விட்டால் கண்ணுக்குத் தெளிவு. ஒரு முனை மெஷினுக்கு, மறுமுனை திறந்தபடி இருக்க வேண்டும். வாசிப்பது இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசம். ஒரு பக்கம் ஐந்தரை அங்குலம் இறங்கி மறுபக்கம் ஐந்தரை ஏறினால் அது 11. ஒரு பக்கத்தை மட்டும் வாசித்து “ஐந்தரைதான் இருக்கு” என்று அழுத்தத்தை இரட்டிப்பாக்கியவர்களும் உண்டு.

ட்ரையரின் கேஸ் வால்வில் அளப்பதற்கென்றே சிறு ஓட்டை ஒன்றைச் சின்ன ஆணியால் அடைத்து வைத்திருப்பார்கள். பல வால்வுகளில் உள்ளே வரும் பக்கம் ஒன்று, பர்னருக்குப் போகும் பக்கம் ஒன்று என இரண்டு இருக்கும். கேஸை மூடி, மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். இந்த வேலையை லோண்டரி முதலாளி தானே செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, கேஸ் வேலை தெரிந்த பாஸ் செய்யட்டும். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டும், தண்ணீர்க் குழாயைத் தன் கண்ணால் வாசிக்க வேண்டும்.

முதலில் ட்ரையரை ஓட்டாமல் கேஸை மட்டும் திறந்து உள்வரும் பக்கத்தை வாசிக்கவும். இது நின்ற அழுத்தம். ஓடும் அழுத்தத்தைவிடச் சிறிது கூடுதலாக இருப்பது வழமை. தண்ணீர் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் சரியாக மூடவில்லை. சிலிண்டரை மூடிய பின் தண்ணீர் இறங்கினால் குழாயில் எங்கோ கசிவு. இந்த இரண்டில் எது இருந்தாலும் அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்திப் பழுதைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஈரத்துணி நிறையப் போட்டு ட்ரையரை ஓட்டி வாசிக்கவும். ஒரே லைனில் இரண்டாவது ட்ரையர், சமையல் அடுப்பு, இஸ்திரி பொயிலர் எது இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்ட வேண்டும். ட்ரையர் தனியே ஓடும்போது 11 காட்டி, பக்கத்துச் சமையலறையில் பகல் சோறு ஏறும்போது 7 காட்டும் இடங்கள் உண்டு. உண்மையான வாசிப்பு அந்த 7தான். நின்ற அழுத்தம் சரியாக இருந்து ஓடும்போது நன்றாக விழுந்தால், குற்றம் ட்ரையரில் இல்லை. சிலிண்டர் குளிர்ந்திருக்கும், ரெகுலேட்டர் சிறிதாக இருக்கும், குழாய் மெலிந்தோ மடிந்தோ இருக்கும். ஆணியை எவ்வளவு திருகினாலும் வராத கேஸ் வராது.

உள்வரும் பக்கம் சரி, பர்னர் பக்கம் மட்டும் தகட்டு அளவிலிருந்து விலகியிருக்கிறது என்றால்தான் வால்விலுள்ள ஆணிக்கு வேலை. மேல் மூடியைக் கழற்றினால் ஆணி தெரியும். வலப்பக்கம் திருகினால் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது, திருகி, நெருப்பு எரியவிட்டு, வாசித்து, பிறகு அடுத்த கால் சுற்று. தகட்டு அளவுக்கு மேல் ஒரு போதும் வேண்டாம். முடிந்ததும் மூடியைப் போட்டு, அளந்த ஓட்டையின் ஆணியைக் கேஸுக்குரிய பசை பூசி இறுக்கி, சவர்க்கார நுரை போட்டுப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்ப்பவரைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கானிலும் மூலையிலும் தேங்கி நிற்கும்.

ஒரு விஷயம் கவனிக்க: எல்.பி.க்கு மாற்றிய பல ட்ரையர்களில் உள் வால்வு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாது. வெளியில் சுவரிலுள்ள ரெகுலேட்டர் கொடுப்பது அப்படியே பர்னருக்குப் போகும். அவற்றில் உள் ஆணியைத் திருகியும் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து ரீகண்டிஷன் ட்ரையர் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அது அங்கே குழாயில் வரும் இயற்கை வாயுவில் ஓடியதா? இயற்கை வாயுவுக்கு மூன்றரை அங்குல அழுத்தமும் பெரிய துவாரமும். மன்னார்க் கடலில் 2011இல் வாயு கண்டுபிடித்தார்கள் என்றாலும் நம் வீட்டுக் குழாயில் அது இன்னும் வரவில்லை. அந்தப் பெரிய துவாரத்தில் நம் கேஸை விட்டால் பெருநெருப்பு. துவாரத்தையும் வால்வின் ஸ்பிரிங்கையும் தயாரிப்பாளரின் மாற்றுப் பொதி கொண்டு மாற்றாமல் ஒரு கட்டுத் துணிகூடப் போடக் கூடாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பயத்தைத் தருவது கொத்துரொட்டிக் கடை ரெகுலேட்டர். கைப்பிடி வைத்துக் கூட்டிக் குறைக்கும் ஹைபிரஷர் வகை. “வீட்டு ரெகுலேட்டர் காணாது” என்று அதை ட்ரையருக்கு மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ட்ரையர் வால்வுகள் பல அரை பி.எஸ்.ஐ., அதாவது 14 அங்குலம் வரைக்குமே செய்யப்பட்டவை. அந்த ரெகுலேட்டரோ ஒரு பாருக்கு மேலும் கொடுக்கும். ஒரு பார் என்பது 400 அங்குலம். கைப்பிடியை யாராவது ஒரு பையன் தவறித் திருப்பினால் வால்வு மூடிய நிலையிலும் கேஸைப் பிடித்து நிறுத்தாது. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று துணி மடிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த பிள்ளைகள். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழைக்காலத்தில் யன்னல்களை அடைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அவர்களுக்குத் தலையிடி, மயக்கம் என்றால் மருந்து தேடுமுன் மெஷினை நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டும்.

துணி காயத் தாமதம் என்றதும் எல்லோரும் அழுத்தத்தையே சந்தேகிக்கிறார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அழுத்தம் குறையும் அளவுக்கு வெப்பம் குறைவதில்லை. 11 அங்குலம் 8 ஆக இறங்கினால் வெப்பம் 15 வீதம்தான் குறையும், 40 நிமிடத் துணி 47 நிமிடம் எடுக்கும். அழுத்தம் பாதியாகவே விழுந்தாலும் வெப்பம் 30 வீதத்துக்குள்தான் குறையும், 56 அல்லது 57 நிமிடம். உங்கள் 40 நிமிடம் 75 நிமிடமாகிவிட்டது என்றால், நெருப்பு ஒழுங்காகப் பற்றி நின்று எரிகிறதா என்பதையும் காற்றுப் பாதையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பஞ்சு வலை அடைத்திருக்கும், அல்லது வெளிப்புகைக் குழாய். நம் ஊரில் அந்தக் குழாயின் வாய் வடகிழக்கைப் பார்த்திருந்தால் வாடைக்காற்று உள்ளே திருப்பி அடிக்கும். வாடைக்காற்று ஓய்ந்ததும் மெஷின் தானாகக் ‘குணமாகும்’ கடைகளை எனக்குத் தெரியும். குழாய் வாயைத் திருப்பி வைக்கச் செலவு சொற்பம். துவைக்கும் மெஷினின் சுழற்றிப் பிழிதல் சரியாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். தண்ணீரைப் பிழிந்து எடுப்பது மலிவு, கேஸால் காய்ச்சி எடுப்பது விலை.

கடற்கரைக் கடைகளுக்கு ஒரு தனி விஷயம். வெளியில் வைத்த ரெகுலேட்டரில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும். உப்புக் காற்றில் துருவும், வேட்டைவாளிக் குளவி கட்டும் மண்கூடும் அந்தத் துளையை அடைத்துவிடும். அடைத்தால் ரெகுலேட்டர் தன் அளவைத் தவறவிடும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, மேலே சிறு மறைப்புத் தகரம் அடித்துவிட்டால் போதும். துருப்பிடித்த ரெகுலேட்டரைத் திறந்து சுத்தம் செய்து மாட்டாமல் புதிது வாங்குங்கள்.

கேஸின் விலையை நினைத்தால் இதெல்லாம் வீண் சிரமமாகத் தோன்றாது. கொழும்பில் 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா, 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த வருடம் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு கிலோவின் பெறுமதியும் தெரியும். கரி கக்கி மஞ்சளாய் எரியும் கேஸ் முழு வெப்பத்தையும் தருவதில்லை, துணியையும் கெடுக்கிறது. ஒரு ஹோட்டலின் வெள்ளை விரிப்புகள் ஒரு தடவை கரி பிடித்தால், அந்த ஹோட்டலின் ஒப்பந்தம் அடுத்த சீசனுக்கு நமக்கு இல்லை.

வருடத்தில் இரண்டு தடவை, பங்குனியில் சீசனுக்கு முன்னும் ஐப்பசியில் மழைக்கு முன்னும் அளந்தால் போதும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் பாஸைத் தேடி ஓட வேண்டாம், அவர் கிடைக்கமாட்டார். பாஸ் தரும் பற்றுச்சீட்டில் ‘சேர்விஸ் செய்யப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நின்ற அழுத்தம் எத்தனை, எல்லாம் ஓடும்போது எத்தனை, பர்னரில் எத்தனை, அன்றைய திகதி, சிலிண்டர் புதிதா பாதியா என்பதை எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அந்தத் துண்டை மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால், அடுத்த தடவை வேறொரு பாஸ் வந்தாலும் எதிலிருந்து தொடங்குவது என்பது அவருக்குத் தெரியும்.